இடது கைச் சின்ன விரல்

சனி, 18 யூலை

வெக்கை. முன் அறை யன்னல் இரண்டையும் திறந்தும் காற்றில்லை. பெட்டியை மேலேயிருந்து இறக்கித் துடைத்தேன். உள்ளே போன பயணத்து மணல் இன்னும் கிடக்கிறது.

வைக்க வேண்டியவை: முன்பக்கம் பொத்தான் வைத்த இரவுச் சட்டை மூன்று (அக்காவுக்குக் கை தூக்க முடியாதாம்), மெல்லிய துவாய், சீனி இல்லாத பிஸ்கட், மூட்டு நோவுக் களிம்பு, நல்ல தலையணை உறை. இந்த நாட்குறிப்புக் கொப்பி கொண்டுபோகக் கூடாது. இதில் ஒருவரது பேரும் எழுதுவதில்லை. யார் கையில் எது போகும் என்று யாருக்குத் தெரியும்.

அக்காவுக்கு 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை மார்பில் ஒப்பரேஷன், யாழ்ப்பாணத்தில். அத்தான் செத்துவிட்டார். மகன் கடைசிச் சண்டை முடிந்தபோது தாயின் கண்முன்னே ஆமியிடம் கையளிக்கப்பட்டவன். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. ஆக, கையெழுத்து வைக்கவும் வெளியே மரவாங்கில் காத்திருக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஃபிளைட் 29.

பின்னேரம் இங்கே லண்டனில், குட்மேய்ஸ் தமிழ்க் கடைக்குப் போனேன். முருங்கைக்காய் வாடல். கதவில் நோட்டீஸ்: தனிநாடு வேண்டுமா, உங்கள் தீர்ப்பு, ஞாயிறு 26. கேள்வி பெரிய எழுத்தில், நடத்துகிறவர்களின் பேர் சின்ன எழுத்தில். மூக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியவில்லை. அதற்காகத்தான் சின்ன எழுத்தோ என்னவோ.

ஞாயிறு, 19 யூலை

இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட். வந்து சாப்பிடும்போது கேட்டேன், வோட் போடப் போகிறாரா என்று.

"எண்ணுறது ஆர்? அவை. பாத்துக்கொண்டு நிக்கிறது ஆர்? அவை. முடிவு சொல்லுறதும் அவை. இதில நான் என்னத்துக்கு?"

மகள் படியில் இருந்து, "அப்பா, இட்ஸ் எ சிம்பல். லீகலா ஒண்டும் இல்லை" என்றாள். இருபத்திரண்டு வயது, சட்டம் படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஒரு பதில்.

சிம்பல் என்றால் எனக்குப் பயம். உண்மையான வோட்டுக்கு அடிவிழுவதைவிட அடையாள வோட்டுக்குத்தான் கூட அடிவிழும்.

என் சந்தேகங்கள், நினைவு வந்த ஒழுங்கில்:
– "ஓம்" என்றுதான் வரும். பிறகு எதற்கு எண்ணுவது.
– எண்ணி யாரிடம் கொடுக்கப் போகிறார்கள்.
– ஏன் இந்த மாதம். எல்லாரும் ஊருக்குப் போகும் மாதம்.
– அவர்களுக்குள் கொழும்புக்கு உளவு சொல்லும் ஆள் யார். ஒருவராவது இருப்பார், இல்லாமல் இருக்காது.
– எனக்கு உண்மையில் என்ன வேண்டும். (இதையும் சந்தேகத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.)

திங்கள், 20 யூலை

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் நல்ல சனம். மகரந்தத் தும்மல்காரர் எல்லாரும் ஒரே நாளில்.

ஸ்கொட்லாந்துக் கிழவர் தன் பிரஷர் குளிசைக்கு வந்தார். தமிழ்க் கடைக் கதவில் நோட்டீஸ் கண்டாராம், என்ன என்று கேட்டார். சொன்னேன். ஸ்கொட்லாந்தில் தனிநாட்டு வாக்கெடுப்பு நடந்தபோது லண்டனில் இருந்தபடியால் அவருக்கு வோட் இல்லையாம். எடின்பரோவில் வீடு வாங்கியிருந்த இங்கிலீஸ்காரனுக்கு இருந்ததாம். இத்தனை வருஷம் கழித்தும் முகம் சிவந்தது. ஆனால் அதுதான் நியாயம் என்றும் சொன்னார். அங்கே வாழுகிறவனுக்குத்தானே நாளைக்குப் பஸ் வருமா வராதா என்பது.

இவ்வளவையும் வரிசையில் நின்று உரத்துச் சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பொறாமை.

செவ்வாய், 21 யூலை

குப்பை நாள். நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனால், இரண்டு வீடு தள்ளி இருக்கும் பிரான்ஸ்காரரும் தன்னுடையதை இழுத்துக்கொண்டு நிற்கிறார். பாரிஸில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் இங்கே வந்த தமிழர். ஏன் வந்தார் என்று ஒவ்வொரு தரமும் கேட்கிறேன், ஒவ்வொரு தரமும் வேறு பதில். ஒரு தரம் பிள்ளைகளின் படிப்பு, ஒரு தரம் மனிசியின் தங்கை.

"என்னக்கா, ஊருக்குப் போறியளாம்?"

யார் சொன்னது? நான் சொல்லவில்லை. "ஓம்" என்றேன்.

"எப்ப ஃபிளைட்?"

"மாதக் கடைசியில."

"எத்தினையாம் திகதி? நேர ஃபிளைட்டோ, மாறிப் போறியளோ?"

ஏன் இவ்வளவு? அடுப்பில் பால் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசலைத் தாண்டும்போது பின்னால் கேட்கிறார், "வோட் போடுவியளோ அக்கா?"

இவரிடம் சொன்னேன். "உனக்கு வேலையில்லை" என்றார். எனக்கு வேலை இருக்கிறது. போன பயணத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல தமிழில் ஒருவன், லண்டன் ஊர்வலப் படம் ஒன்றைக் காட்டி, "இதில நீங்கள் எங்க?" என்று கேட்டான். நான் அதில் இல்லை. விட்டுவிட்டார்கள். அடுத்த கிழமை அக்கா வீட்டுக்கு இரண்டு பேர் போய், என்னைப்பற்றி விசாரித்து, தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்களாம். அந்தத் தேத்தண்ணீர்தான் எனக்குக் கூடப் பயம். நல்ல பழக்கம்போல வந்துபோகிறார்கள்.

அந்தப் படம் யார் எடுத்தது? இங்கே நம்முடைய சனத்தோடு ஊர்வலத்தில் நடந்த ஒருவர்தான். பிரான்ஸ்காரர் அப்போது இங்கே இல்லை, சரி. அப்படியானால் அவருக்கு முன் இந்த வேலை செய்த ஒருவர் இருந்தார்.

வியாழன், 23 யூலை

அழைப்பு மணி. திரையை விலக்கிப் பார்த்தேன். நாவல் நிறச் சேலை கட்டிய அம்மா ஒருவர், கழுத்தில் அட்டை தொங்கும் தம்பி ஒருவர். வாக்கெடுப்பு ஆட்கள். திறக்காமல் விட்டிருக்கலாம், தொலைக்காட்சிச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது.

"பேர் பதிவியளோ?" என்பதுதான் என் முதல் கேள்வி.

"இல்லையம்மா. முந்தி சனம் அதுக்குத்தான் பயந்தது. இந்த முறை பேர் இல்லை, விலாசம் இல்லை, படம் இல்லை. ஊரில பிறந்தனீங்கள் எண்டதுக்கு ஏதாவது ஒண்டைக் காட்டினால் காணும், திருப்பித் தந்திடுவம்."

"அப்ப ஒருத்தரே நாலு இடத்தில போடலாமே. இங்க ஒண்டு, மோர்டனில ஒண்டு, லூயிஷாமில ஒண்டு."

தம்பி சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த முகம். "அதுக்குத்தானம்மா மை. ஊரில மாதிரியே, இடது கைச் சின்ன விரலில."

"எத்தினை நாள் நிக்கும்?"

"ரெண்டு கிழமை நிக்கும்." பெருமையாகச் சொன்னார். "நல்ல மை. ஸ்பெஷலா எடுப்பிச்சது."

கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். முந்தி பேர்ப் பதிவு வேண்டாம் என்று அடம்பிடித்த ஆட்களில் நானும் ஒருத்தி. இப்போது ஆளுக்கு ஆள் விரலில் பூசிக்கொண்டு நேரே கட்டுநாயக்காவுக்குப் போய்க் கையை நீட்டப் போகிறோம். இப்படி ஒரு மூளை எங்களுடைய சனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் இதை வேண்டுமென்றே யோசித்த ஒருவர் இருக்கிறார். யார் அந்த மையை எடுப்பித்தது?

முடிவு: போகமாட்டேன். அக்காதான் முக்கியம். ஒரு நாள் அந்த அறையில் இருத்திவைத்தாலே வெள்ளிக்கிழமை போய்விடும்.

சனி, 25 யூலை

சிறு தூறல், பிறகு வெயில். இரவுச் சட்டைகளைத் தோய்த்துக் காயப்போட்டேன்.

அக்காவின் வீடியோ கோல். வழமைபோல மருந்து, சாப்பாடு, வெயில் மட்டும் கதைக்கிறோம். எங்கள் கோலை இன்னொருவர் கேட்கிறார் என்று நினைத்துத்தான் எப்போதும் கதைப்பேன். அக்கா மெலிந்துவிட்டாள். இன்றைக்கும் றோட்டுக்குப் போய்விட்டு வந்தாளாம். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் கொட்டில் போட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்களே, அங்கே. இந்த உடம்போடு.

"ஆஸ்பத்திரிக்குப் படத்தைக் கொண்டுபோகலாமோ எண்டு நேர்ஸ் பிள்ளையைக் கேட்டனான். பக்கத்தில வைக்கலாமாம்."

சட்டை மூன்றும் தோய்த்தாயிற்று என்றேன்.

பிறகு இவரோடு கொளுவல். நான் வோட்டைப்பற்றிக் கதைக்கவே இல்லை, அவராகத் தொடங்கினார்.

"நீ போகமாட்டாய். எனக்குத் தெரியும். ஒரு கிழமையாப் பாக்கிறன், நோட்டீஸை வாசிச்சு வாசிச்சு வைக்கிறாய். பயம் எண்டு சொல்லிப்போட்டு விடன்."

எனக்குப் பயமாம். ஆமிச் செக்பொயின்ற் எத்தனையைத் தனியே தாண்டி வந்தவள் நான். இவர் என்ன என்றால் கொழும்பில் இருந்து சொகுசாக ஏறியவர்.

ஞாயிறு, 26 யூலை

போட்டுவிட்டேன்.

எதற்குப் புள்ளடி போட்டேன் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

இவர் காரில் கொண்டுபோய் விட்டார், இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். பள்ளிக்கூட ஹோல், பட்மின்டன் கோடு போட்ட தரை. வரிசை கதவுக்கு வெளியேயும் நின்றது. நான் நினைத்ததைவிடச் சனம். எல்லாரும் மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புகிறார்கள். பின்னால் ஒருவர் போனில் "நான் கடையில நிக்கிறன்" என்கிறார்.

பேனை அவர்கள் தந்தார்கள், நான் என்னுடையதைக் கொண்டுபோயிருந்தேன். பிரெக்ஸிட் வோட்டுக்கும் அப்படித்தான் செய்தேன், அங்கே பென்சில் தந்தார்கள், அழித்துவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

வரிசையில் நிற்கும்வரை என்னை இழுத்துவந்தது இவர்மேல் இருந்த கோபம்தான். மறைப்புக்குள் போனபோது அது இல்லை. சின்னக் கடதாசி, ஒரு கேள்வி, இரண்டு பெட்டி. அக்காவின் மகன் சின்னனில் கணக்குக் கொப்பியில் சரி அடையாளம் பெரிதாகப் போடுவான், ரீச்சருக்கு முன்னே தானே போட்டுவிடுவான். ஏன் அது நினைவு வந்தது? அழுதுவிட்டேன். அழுதபடியே, இந்த மறைப்புச் சீலையில் கமரா இருக்குமோ என்று மேலேயும் பார்த்தேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

மை பூசியவர் சின்னத் தடி ஒன்றைப் போத்தலில் தோய்த்து நகம், நகக்கண், முதல் மடிப்புவரை பூசினார். "கொஞ்சமாப் பூசுங்கோ தம்பி, ஊருக்குப் போறன்" என்றேன். சொன்னது பிழை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எல்லாரும் அதைத்தான் சொல்லினம் அம்மா" என்றார், தலை நிமிராமல்.

திங்கள், 27 யூலை

மை போகவில்லை.

தேசிக்காய்ப் புளி – இல்லை. பற்பசை – இல்லை. பாத்திரம் கழுவும் பவுடர் – இல்லை. மகளின் நகப்பூச்சு நீக்கி – கொஞ்சம் வெளிறியதுபோல, காய்ந்தபின் பழையபடி. பிளீச் – தோல் எரிகிறது, மை அப்படியே. நகக்கண்ணில் இன்னும் கறுத்துவிட்டது. தம்பி சொன்னது உண்மை, நல்ல மை.

இவர் கை எரிவுக்குக் கற்றாழை தடவிவிட்டார். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

செவ்வாய், 28 யூலை

கடைசி வேலை நாள். கவுன்டரில் என்னோடு நிற்கும் மதுரைப் பிள்ளை விரலைக் கண்டுவிட்டாள்.

"அக்கா, வோட்டு மையா இது? எங்க ஊர்ல விரலைத் தூக்கிக் காட்டி செல்ஃபி எடுத்துப் போடுவோம். நீங்க என்னடான்னா மறைக்கிறீங்க."

"உங்கட ஊர் வேற, பிள்ளை."

"ஆமாக்கா, அது தெரியுது." என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மருதாணி வச்சா தெரியாதுல்ல?" என்றாள். ஒரு கையில் மட்டும், அக்காவின் ஒப்பரேஷனுக்குப் போகிறவள் மருதாணியோடு போனால் கேட்கமாட்டார்களா. கடைசியில் அவளே ஒரு பிளாஸ்டர் எடுத்து வடிவாகச் சுற்றி ஒட்டிவிட்டாள், தோல் நிறம். கேட்டால் கறி வெட்டும்போது கத்தி பட்டது. நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். நம்பும்படிதான் இருக்கிறது.

பெட்டி பூட்டியாயிற்று. பின்னேரம் பிரான்ஸ்காரரின் வீட்டு வாசலிலும் ஒரு பெட்டி. திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கே போகிறார்? கேட்கப் போனால் என்னையும் கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

புதன், 29 யூலை. ஹீத்ரோ

கொப்பியை மகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கொண்டுவந்தேன். பெட்டி போட்டாயிற்று. அவள் குடிக்கக் கோப்பி வாங்கப் போயிருக்கிறாள். வருவதற்குள் எழுதவேண்டும்.

செக்-இன் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண் கடவுச்சீட்டைக் கை மாற்றினா. இடது கைச் சின்ன விரலில் பிளாஸ்டர். பாவம், வெட்டிக்கொண்டா போல என்றுதான் நினைத்தேன். அவவின் கணவர் பெட்டியைத் தள்ளினார், அவருக்கும் பிளாஸ்டர். பக்கத்து வரிசையில் ஒரு ஐயா, அவருக்குப் பிளாஸ்டர் போதாது, பான்டேஜே சுற்றியிருக்கிறார். ஒரு இளம்பிள்ளைக்கு ஒற்றைக் கையில் மட்டும் மருதாணி. இந்த வெக்கையில் ஒருவர் கையுறை. எல்லாரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது, என் பிளாஸ்டரை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டேன்.

தோளுக்குப் பின்னால் மெல்லிய குரல். "அக்கா."

பிரான்ஸ்காரர். அவரும் இதே ஃபிளைட். கை பொக்கற்றுக்குள். "எடுங்கோ பாப்பம்" என்றேன். எடுத்தார். நீலப் பிளாஸ்டர், சமையல்காரர் ஒட்டுவது.

"ஃபிளைட்டை அதுக்கோ கேட்டனீங்கள்?"

"தனியப் போகப் பயம், அக்கா. ஆரும் தெரிஞ்ச ஆள் ஒரே ஃபிளைட்டில வந்தால், என்னை மறிச்சால் வீட்டை ஒரு கோல் எடுத்துச் சொல்லுவினம் எண்டு நினைச்சன். நீங்கள் சொல்லேல்லை. பிறகு உங்களிலதான் எனக்குப் பயம் வந்தது."

"என்னிலயோ?"

"ஏன் பிரான்ஸிலயிருந்து வந்தனீங்கள், ஏன் வந்தனீங்கள் எண்டு ஒரு வருஷமாக் கேக்கிறியள். மனிசி சொன்னவ, அந்த அக்காவோட கவனமாக் கதையுங்கோ எண்டு."

என்னை. குட்மேய்ஸில் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்த என்னை ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். கோபம்கூட வந்தது. பிறகு அவருடைய மனிசியின் நம்பரை வாங்கிக்கொண்டு மகளின் நம்பரைக் கொடுத்தேன்.

கவுன்டரில் இருந்தவள் சிங்களப் பிள்ளை, சட்டையில் பேர் இருந்தது. என் விரலைப் பார்த்தாள், கடவுச்சீட்டைப் பார்த்தாள். இன்றைக்கு நிறையப் பேருக்குக் கையில் காயம் என்றாள் இங்கிலீஸில். சிரித்தாள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று பிடிபடவில்லை. கறி வெட்டும்போது என்று நாலு தரம் சொல்லிப் பழகியதில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

இங்கே வந்து இருந்ததும் அக்காவின் கோல். நாளைக்கு வார்டில் படுக்கப் போகிறாள்.

"ஏறிட்டியோ?"

"இன்னும் இல்லை."

"வோட் போட்டனியோ?"

"அக்கா, போனில கதையாதேங்கோ."

"ஏன்? கேக்கிறவங்கள் கேக்கட்டும். நான் படத்தை வச்சுக்கொண்டு நடு றோட்டில இருக்கிறன், என்னட்டை ஒளிக்க என்ன இருக்கு? போட்டனியோ இல்லையோ?"

"போட்டனான்."

"மை பூசினவையாமே. இங்க கொட்டிலில கதைச்சவை. கிடக்கோ?"

"கிடக்கு. மறைச்சிருக்கிறன். உங்களுக்கு ஏதும் வந்திடும் எண்டு."

அக்கா தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"உங்களிட்டையாவது கேட்டவை" என்றாள். "எங்களிட்டை இவ்வளவு காலத்தில ஒருத்தரும் கேக்கேல்லை, வேணுமோ வேண்டாமோ எண்டு. இங்க இருக்கிற எங்களிட்டை. அழிச்சுப்போடாதை. நான் ஒருக்காப் பாக்கோணும்."

அக்கா கோலை வைத்துவிட்டாள். பிளாஸ்டரை உரித்துவிட்டேன். பிளீச் பட்ட தோலும் சேர்ந்து வந்தது, எரிகிறது. மை அப்படியே இருக்கிறது. எதிரே இருக்கும் பிரான்ஸ்காரர் பார்த்துவிட்டுத் தன் விரலைப் பார்க்கிறார், உரிக்கவில்லை, உரிக்கச் சொல்லி நான் சொல்லவும் மாட்டேன். விடியக் கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டுப் பார்க்கும் மேசையில் கையை வைக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. மகள் வருகிறாள்.